உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று

விரல் ரேகை பதியவில்லை.

போன வருடம் ஒரு காலை. பட்டா நகல் எடுக்க எங்கள் ஊர் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மிலிட்டரி மாமா உட்கார்ந்திருந்தார். ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். பென்ஷன் தடையில்லாமல் வர, ஆண்டுக்கு ஒரு முறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆயுள் சான்றிதழ் என்பார்கள். கருவியின் கண்ணாடியில் விரலை அழுத்தினால் போதும், அரை நிமிட வேலை.

"ஆள்காட்டி விரல் எடுக்கல தாத்தா. நடுவிரலை வைங்க" என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"அதுக்குப் பக்கத்து விரல்?"

அந்த விரலுக்கு நுனி இல்லை. அதை அடுத்த சுண்டுவிரலில், நகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும் மொழுமொழுவென்று மூடியிருந்தது. இடது கையையும் வைத்துப் பார்த்தார். வயதில் தேய்ந்த ரேகை, அதுவும் எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா" என்றாள். சிமிட்டினார். பச்சை விளக்கு வந்தது. அவர் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. சீட்டை வாங்கி, டிஸ்சார்ஜ் புக் வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்தார்.

வெளியே டீக்கடையில்தான் கேட்டேன். இருபது வருடமாக ஒரே தெருவில் இருக்கிறோம், அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன். "விரல் எப்படிப் போச்சு மாமா?"

"சியாச்சின்ல. டெலிபோன் ஒயர் அறுந்துபோச்சு. கிளவுஸ் போட்டுக்கிட்டு முறுக்க வரல. கழட்டினேன். கொஞ்ச நேரம்தான்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதை யாரும் கேட்டதில்லப்பா" என்றார். அதில் குறைப்படும் தொனியே இல்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஒரு வீரரின் உடல் தேசியக் கொடி போர்த்தி ஊருக்கு வந்தால் கடைகளை அடைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் பூவோடு நிற்கிறார்கள். அமைச்சர்களும் ஆட்சியரும் வருகிறார்கள், துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன. இவை அத்தனையும் செய்ய வேண்டியவைதான், இதில் எதையும் குறைத்துவிடக் கூடாது. ஆனால் அதே படையில், அதே பனியில், அதே குண்டுகளுக்கு நடுவில் நின்றுவிட்டு உயிரோடு திரும்பியவர் நம் தெருவில் இருக்கிறார். ரேஷன் வரிசையிலும் பேருந்திலும் ஏ.டி.எம். வாசலின் செக்யூரிட்டி நாற்காலியிலும் இருக்கிறார். அவருக்கு நாம் என்ன செய்தோம்?

இறந்தவருக்குக் கிடையாத பதக்கம்

1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியப் படையுடன் கடும் சண்டை. ஃபிராண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஓர் இளம் கேப்டனின் வயிற்றை இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். டேவிட் கோவன் என்ற மூத்த அதிகாரி தன் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி, அங்கேயே அந்தக் கேப்டனின் சட்டையில் குத்தினார். அன்றைய விதிப்படி இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கிடையாது. மூச்சு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

கேப்டனை அவருடைய உதவியாளர் ஷேர் சிங் தூக்கிச் சுமந்துகொண்டு ராணுவ மருத்துவரிடம் ஓடினார். இனிப் பயனில்லை என்று நினைத்த மருத்துவர், என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று அந்த நிலையிலும் சிரித்தபடி பதில் வந்ததாம். இந்த மனத்திடம் உள்ளவரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று மருத்துவர் கத்தியைக் கையில் எடுத்தார். பிழைத்தெழுந்த அந்தக் கேப்டன்தான் சாம் மானெக்ஷா. 1971 போரில் இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர், நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல்.

பதக்கமா அவரைப் பிழைக்க வைத்தது என்று கேட்டால், இல்லை. ஷேர் சிங்கின் தோளும் மருத்துவரின் கத்தியும்தான் பிழைக்க வைத்தன. ஆனால் கோவன் செய்த காரியத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மரியாதைக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் செய்யப்படும் மரியாதையை மட்டும்தான், உரியவரே தம் கண்ணால் பார்க்க முடியும்.

இருபத்தொன்றில் ஏழு

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருது பரம் வீர் சக்ரா. இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் வந்தது. உயிரோடு நின்று பெற்றவர்கள் 7 பேர் மட்டும்.

அந்த ஏழு பேரில் இரண்டு பேரை நாம் முதலில் இறந்தவர்கள் கணக்கில் எழுதியிருந்தோம் என்பது பலருக்குத் தெரியாது.

1962 அக்டோபர். லடாக்கில் பாங்காங் ஏரிக்கு வடக்கே சிரிஜாப் காவல் முனை. கூர்க்கா ரைஃபிள்ஸ் படையின் மேஜர் தன் சிங் தாப்பா சில வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அலை அலையாக வந்த சீனப் படையை எதிர்த்தார். முனை வீழ்ந்தது. அவரும் இறந்துவிட்டார் என்று முடிவுசெய்து, மறைவுக்குப் பின்னான விருதாகப் பரம் வீர் சக்ராவை அறிவித்தார்கள். வீட்டில் ஈமக்கடன் முடிந்தது. மனைவி கைம்பெண் கோலத்தில் இருந்தார். பிறகுதான் அவர் சீனச் சிறையில் உயிரோடு இருக்கும் செய்தி வந்தது. 1963-இல் திரும்பி வந்தார். 2005 வரை வாழ்ந்தார்.

1999 ஜூலை, கார்கில், டைகர் ஹில். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறிய கிரெனேடியர்ஸ் படைப்பிரிவில் யோகேந்திர சிங் யாதவுக்கு 19 வயது. உடலெல்லாம் குண்டு துளைத்த பிறகும் எதிரியின் பதுங்குகுழி வரை ஊர்ந்து போனார். அவருக்கும் இறந்தவர் என்றே விருது அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்தார். அதே பெயருள்ள இன்னொரு வீரர்தான் களத்தில் விழுந்தவர். இரண்டு பெயர்களும் குழம்பிப்போயிருந்தன.

போர்க்களக் குழப்பத்தில் இப்படி நேர்வது இயல்புதான், யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனாலும் இந்த இரண்டு கதைகளும் நம் மனப்பழக்கம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கின்றன. வீரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுவது மாலை போட்ட புகைப்படம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவரின் முகம் எழுவதில்லை.

உயிரோடு பெற்றவர்களுக்கு என்ன செய்தோம் என்பதற்கு பாணா சிங் ஒருவரே போதும். 1987 ஜூனில் சியாச்சினில், 21,000 அடிக்கு மேல், பனிச்சுவரில் ஏறிப் பாகிஸ்தான் வசமிருந்த காவல் முனையைப் பிடித்தவர். அந்தச் சிகரத்துக்கே இன்று பாணா டாப் என்று பெயர். ஓய்வுபெற்று ஜம்முவில் உள்ள சொந்தக் கிராமத்துக்கு வந்தவருக்கு, அவர் மாநில அரசு விருதுக்காகக் கொடுத்த மாதப்படி 166 ரூபாய். பக்கத்து மாநிலங்கள் பல மடங்கு கொடுத்துவந்த காலம் அது. அவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் மாநிலத்துக்கு வந்துவிடுங்கள், பணமும் நிலமும் தருகிறோம் என்று பஞ்சாப் அழைத்தது. நான் பிறந்த மண் இதுதான் என்று மறுத்துவிட்டார். சிகரத்துக்கு அவர் பெயரை வைக்க முடிந்த நாட்டுக்கு, சிகரத்திலிருந்து இறங்கி வந்த மனிதரைக் கவனிக்கத் தெரியவில்லை.

நடுகல்லும் நள்ளிரவு விளக்கும்

வீரருக்குக் கல் நடுவது தமிழருக்குப் புதிதல்ல. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திச் சொல்கிறது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் போனால் வயல்வெளிகளில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய் மாண்டவரின் பெயரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் காப்பாற்றிவைத்த சமூகம் இது.

ஆனால் அதே தொல்காப்பியம், அரசனிடம் சிறப்புப் பெற்ற வீரன் உயிரோடு நின்று பெருமிதமாகப் பேசும் பேச்சையும் ஒரு துறையாக வகுத்திருக்கிறது. நடுகல்லை நினைவில் வைத்த அளவுக்கு நாம் இதை நினைவில் வைக்கவில்லை.

இன்னொரு காட்சி பத்துப்பாட்டில் இருக்கிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. ஊரெல்லாம் மழையிலும் வாடையிலும் நடுங்குகிறது. போர்ப் பாசறையில் நள்ளிரவு. பாண்டிய மன்னன் தூங்கவில்லை. காற்றில் விளக்குகள் சாய்ந்து எரிகின்றன. மேலாடை நழுவுகிறது, இடக்கையால் பற்றிக்கொள்கிறான். வேப்பிலை கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய், புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே நடக்கிறான். சில பேர் மட்டுமே கூட வர, மன்னன் கூடாரம் கூடாரமாகப் போய் அவர்களை முகம் கொடுத்துப் பார்க்கிறான். அந்த நேரத்தில் அரண்மனையில் அவனுக்காக அரசி விழித்திருக்கிறாள்.

இந்தப் பாடலை உரையோடு படித்துத் தேர்வு எழுதிய நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. காயம்பட்ட வீரனுக்கு அந்த மன்னன் கொடுத்தது பொன்னோ நிலமோ அல்ல. நேரில் வந்தான், முகம் கொடுத்துப் பார்த்தான் என்று சொல்லத்தக்க ஓர் இரவைக் கொடுத்தான். உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் மரியாதையின் முதல் படி அதுதான். போய்ப் பார்ப்பது.

வேலூர் மணிக்கூண்டின் கணக்கு

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் பதித்த கல், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தார்கள் என்கிறது. அந்தக் காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் இதே வாசக அமைப்பில் கற்கள் பதிக்கப்பட்டன.

எனக்கு அந்தக் கல்லில் பிடித்தது, போனவர்கள் எண்ணிக்கையை அது முதலில் சொல்வதுதான். இறந்தவர்களை மட்டும் எண்ணாமல் போனவர்கள் எல்லோரையும் எண்ணியது. என்னை உறுத்துவதும் அதே கல்தான். 277-இல் 14 போனால் 263. மெசபடோமியாவோ பிரான்சோ எங்கோ போய்விட்டுக் கப்பல் ஏறித் திரும்பிய அந்த 263 பேர் என்ன ஆனார்கள்? எந்தத் தெருவில் வாழ்ந்தார்கள்? இரவில் அலறி எழுந்தார்களா? பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள்? கல்லில் இல்லை, வேறெங்கும் இல்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோது யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை.

வேலூர் மாவட்டத்துக்கும் படைக்கும் உள்ள உறவு இன்றும் அறுபடவில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைக்குப் போன ஊர். டெல்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நாடு கட்டாயம் செய்திருக்க வேண்டிய கடமை அது. ஆனால் திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் வராது. அது நம் வாயில்தான் வர வேண்டும்.

குன்னூர் மலையில் கடைசி நாட்கள்

மானெக்ஷாவிடம் திரும்புவோம். அவரை வாழும்போது யாரும் மதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1972-இல் பத்ம விபூஷண், 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல். ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறி நீலகிரி மக்களில் ஒருவராகவே வாழ்ந்தார். அந்த மக்களுக்கு அவர் உரிமையோடு பழகும் பெரியவர்.

ஆனால் டெல்லி அவரை மெல்ல மெல்ல மறந்துபோனது. ஃபீல்டு மார்ஷல் என்பவர் சட்டப்படி ஓய்வு பெறுவதே இல்லை. சாகும்வரை பணியில் இருப்பவராகவே கருதப்படுவார், அதற்குரிய முழுச் சம்பளமும் உண்டு. அது அவருக்குப் பல ஆண்டுகள் கொடுக்கப்படவே இல்லை. 2007-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நீலகிரிக்கு வந்து, முதுமையில் இருந்த அவரை நேரில் பார்த்து நலம் விசாரித்தார். அந்த ஆண்டுதான் நிலுவைத் தொகை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 93 வயது. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்துவிட முடியும்?

2008 ஜூன் 27-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார். ஊட்டியில் உள்ள பார்சி இடுகாட்டில் அடக்கம். குடியரசுத் தலைவரோ பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை. மத்திய அரசின் சார்பில் இணை அமைச்சர் ஒருவர் வந்தார். அன்று எழுந்த கோபமும் வருத்தமும் நியாயமானவை. ஆனால் எனக்கு அந்த இறுதிச் சடங்கைவிடப் பெரிய வருத்தம், அதற்கு முந்தைய வருடங்கள். சவப்பெட்டிக்கு முன்னால் நிற்காதவர்களைக் கண்டித்த நாம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நிற்காதவர்களை ஏன் கண்டிக்கவில்லை?

சரியாகச் செய்ததும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் 1965 போரில் படையை நடத்தியவர். மேற்கு வங்கத்தின் பாணாகர் விமானத் தளத்துக்கு 2016 ஏப்ரல் 15-ஆம் தேதி, அவருடைய 97-ஆவது பிறந்தநாளில், அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் உயிரோடு இருந்தார், தெரிந்துகொண்டார், மகிழ்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, கலாமின் உடல் டெல்லி வந்திறங்கியபோது, சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சல்யூட் அடித்தவரும் அவர்தான். மரியாதை கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த மனிதர்.

முப்பத்தைந்து வயதில் ஓய்வு

மார்ஷல்களின் கதை இது. சிப்பாயின் கதைக்கு வருவோம். பிரச்சினையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

படைக்கு இளைஞர்கள் வேண்டும். அதனால் 2022-க்கு முன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்த சிப்பாயைப் பதினைந்து முதல் இருபது வருடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அரசு அலுவலக எழுத்தர் அறுபது வரை சம்பளமும் பதவி உயர்வும் பெறுகிறார். சிப்பாய் நாற்பதுக்குள் பென்ஷன்காரர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயதில் வருமானம் பாதியாகக் குறைகிறது. இதை ஈடுகட்டத்தான் 1973-க்கு முன்பு வரை சிப்பாய்க்குக் கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் பென்ஷனாகக் கொடுத்தார்கள். மூன்றாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது 50 சதவீதம் ஆனது.

அன்று தொடங்கிய குறை, நாற்பது ஆண்டுக்குப் பின் தெருவுக்கு வந்தது. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: ஒரே பதவி, ஒரே பணிக்காலம் என்றால் ஒரே பென்ஷன். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், பதக்கம் அணிந்த முதியவர்களைப் போலீசார் பிடித்துத் தள்ளிய படங்களை நாடே பார்த்தது. செப்டம்பர் 5-இல் அரசு திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகும் நிலுவைத் தொகைக்காக உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 70 வயது தாண்டியவர்களுக்கு 2023 ஜூன் 30-க்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் தேதி குறித்தது. வயதானவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு நீதிமன்றம் எழுத வேண்டியிருந்ததே, அதில் எல்லாம் அடங்கிவிட்டது.

உடல் ஊனத்துக்கான பென்ஷன் இன்னொரு நெடும்பயணம். சேரும்போது திடமாக இருந்த இளைஞனுக்குப் பணியில் இருக்கும்போது நோய் வருகிறது. இது பணியால் வந்ததல்ல என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது அந்த நோய் இருந்ததாக மருத்துவப் பதிவு இல்லையென்றால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு. 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவும், படைவீரர்களுக்கு எதிரான தேவையற்ற மேல்முறையீடுகளைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. ஆனாலும் தீர்ப்பாயங்களில் இந்த வழக்குகள் ஓயவில்லை. போரில் எதிரியை எதிர்கொண்டவர், முதுமையில் தன் அரசையே எதிர்மனுதாரராக எதிர்கொள்கிறார்.

இதில் தமிழ்நாடு நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு கடினமான பக்கமும் உண்டு. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படை திரும்பியபோது, சென்னைத் துறைமுகத்தில் அதை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் தமிழ் மக்கள் பட்ட துயரம் அதன் பின்னால் இருந்தது. அந்தத் துயரம் உண்மை. அப்பாவிகளைக் கொன்றது யாராக இருந்தாலும் அந்தக் குற்றத்தை எந்தச் சீருடையும் மறைக்கக் கூடாது. அதே நேரம், அந்தப் படையில் கால் இழந்தவர்களும் நண்பர்களை இழந்தவர்களும் இருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் எந்தச் சிப்பாய்க்கும் இருந்ததில்லை. அனுப்பியவர்களின் முடிவை எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். அந்த விவாதம் முடியும்வரை காயம்பட்டவரின் மருந்தும் மரியாதையும் காத்திருக்கக் கூடாது. அந்தப் போருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பலர் அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசுவதில்லை.

இனி வரப்போகிறவர்களையும் யோசிக்க வேண்டும். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தின்படி நான்கு ஆண்டு முடிந்ததும் கால் பங்கினர் மட்டும் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் இருபதுகளின் நடுவில் சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகையோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. சட்டம் அவர்களை என்ன பெயரில் அழைத்தாலும், எல்லையில் நின்ற பிள்ளை எல்லையில் நின்ற பிள்ளைதான். ஊராவது அதை மறக்காமல் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் கிராமத்தில் இருக்கும் ஹவில்தாருக்கு அது தெரிய வேண்டும், வங்கி மேலாளர் அவரை உட்காரவைத்துப் பேச வேண்டும். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு பணத்தைக் காலத்தோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அட்டையோடு வரும் முதியவரைத்தான் வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்புவார்கள்.

அரசு செய்ய வேண்டியவை இவை. நாம் செய்ய வேண்டியவற்றுக்குப் பணமே வேண்டாம்.

சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கொடியேற்ற, அந்த ஊரில் வாழும் முன்னாள் படைவீரரைக் கூப்பிடுங்கள். அந்தக் கயிற்றை இழுக்க அவரைவிடத் தகுதி யாருக்கு? பிள்ளைகளை அவர் வீட்டுக்கு அனுப்பி, எங்கே பணி செய்தார், எந்த ரெஜிமென்ட், என்ன பார்த்தார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். வேலூர் மணிக்கூண்டின் 263 பேருக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்க வேண்டாம். தெருவுக்குப் பெயர் வைப்பதாக இருந்தால், அவர் அந்தப் பலகையைப் படித்துப் பார்க்கும்படி வையுங்கள். அடுக்குமாடி வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை "ஏய்" என்று அழைக்கும் முன், அவர் எங்கிருந்து வந்தவர் என்று ஒரு தடவை விசாரியுங்கள். 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தைப் பார்த்து மேஜர் முகுந்த் வரதராஜனுக்காகத் திரையரங்கில் அழுதோம். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதே கண்ணால் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் பெரியவரின் நிமிர்ந்த முதுகையும் கவனியுங்கள்.

டிசம்பர் 7 கொடி நாள் நமக்குத் தெரியும். 1949 முதல் உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். இன்னொரு நாள் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. ஜனவரி 14, முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற நாள். சில ஆண்டுகளாகத்தான் கடைப்பிடிக்கிறார்கள். நம் ஊரில் அது கவனத்துக்கு வராமல் போவதற்குக் காரணம் எளிது. அது பொங்கல் நேரம்.

எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. வேறெந்த நாளிலும் இல்லாதபடி எல்லோரும் ஊரில் இருக்கும் நாள் அது. விளைச்சலுக்குக் காரணமான சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் நாட்களில், விளைந்த நிலத்துக்குக் காவல் நின்றவருக்கு நன்றி சொல்வதைவிடப் பொருத்தம் வேறென்ன?

போன பொங்கலுக்கு, தூக்குவாளியில் பொங்கலும் ஒரு ஜோடிக் கரும்பும் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மிலிட்டரி மாமா வீட்டுக்குப் போனேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பதக்கங்களை எடுத்துக் காட்டினார். எந்தப் பதக்கம் எதற்கு என்று என் மகள் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னார். சியாச்சினுக்கு வந்தபோது மாமி உள்ளிருந்து வெளியே வந்து கதவருகே நின்றார். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. டெலிபோன் ஒயர் கதையை மாமியும் அன்றுதான் முழுதாகக் கேட்டாராம்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வரும் பொங்கலுக்குப் போங்கள். எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.